கர்ப்பகால சர்க்கரை: உம்மா வீட்டுக்குப் போகும் முன் ஒரு டெஸ்ட்

கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்யப்படும் பரிசோதனைகளில் நம் குடும்பங்களில் எளிதாகத் தவறிப்போவது இரண்டாவது சுகர் டெஸ்ட். முதல் டெஸ்ட் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். "சுகர் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள் என்றால் அதோடு மறந்துவிடுகிறோம்.

பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்து வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். மேலப்பாளையம், கடையநல்லூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று சொந்த ஊர் வேறெங்கோ இருக்கும். முதல் பிரசவம் உம்மா வீட்டில்தான் என்பது வழக்கம். ஏழாம் மாதத்தில் பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போய்விடுவார்கள். இரண்டாவது டெஸ்ட் எடுக்க வேண்டிய காலமும் அதுவே. இங்கே பார்த்த டாக்டர் "அடுத்த முறை எடுக்கலாம்" என்று எழுதியிருப்பார். ஊரில் பார்க்கும் டாக்டர் "அங்கேயே எடுத்திருப்பார்கள்" என்று நினைப்பார். நடுவில் டெஸ்ட் விடுபட்டுப்போகும்.

எப்போது, எப்படி?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 2014ல் வந்தது, 2018ல் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரண்டு முறை சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பம் உறுதியாகி மருத்துவமனைக்கு முதல்முறை போகும்போது ஒன்று. அதில் சர்க்கரை இல்லை என்றால், 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும்.

முறை எளிது. 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மில்லி தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும்.

இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. காலை உணவு சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம். தூரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஏழைப் பெண்களிடம் "நாளை வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று சொன்னால் பலர் திரும்பி வருவதில்லை. அதனால்தான் இந்த முறை கொண்டுவரப்பட்டது. சில தனியார் மருத்துவமனைகளில் வெறும் வயிற்றில் தொடங்கி மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அதுவும் ஏற்கப்பட்ட முறைதான்.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த டெஸ்ட் என்பதை 2007லேயே தமிழ்நாடு அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி.சேஷய்யா. 2022ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த டெஸ்ட் இலவசம்.

முதலில் இல்லாத சர்க்கரை பிறகு ஏன் வருகிறது?

நச்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. மாதம் ஏற ஏற இந்தத் தடையும் கூடும். பெரும்பாலான பெண்களின் உடல் அதிக இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு அது போதாமல் போகும். ஆகவே மூன்றாம் மாதத்தில் வந்த நல்ல ரிசல்ட் ஏழாம் மாதத்துக்குச் செல்லாது.

பெரும்பாலும் இதற்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் தாயின் சர்க்கரை குழந்தைக்கும் போகும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம், பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தும் கூடுகிறது. "குழந்தை நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று நாம் மகிழ்வதற்குப் பின்னால் சில நேரம் கவனிக்கப்படாத சர்க்கரை இருக்கிறது.

இருக்கிறது என்று தெரிந்தால்?

பயப்பட வேண்டாம். முதல் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடும் நடையும்தான் சிகிச்சை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 120க்குக் கீழே இருந்தால் அதையே தொடரலாம். 120ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மெட்பார்மின் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் குழந்தையைப் பாதிக்காது.

உணவு என்றால் பட்டினி அல்ல. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை. மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதைவிடப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று மாமியாரும் உம்மாவும் அன்போடு வைக்கும் இரண்டாவது தட்டு பிரியாணி இங்கே உதவாது. சர்பத், ரோஸ்மில்க், பாயசம் வேண்டாம்.

ரமலான் வந்தால்?

இன்சுலின் போடும் கர்ப்பிணி நோன்பு வைக்க வேண்டாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவரும் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நோன்பு வைத்த பின் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே நோன்பை முறித்துவிட வேண்டும். அசைவு குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் தந்த சலுகை அல்பகரா அத்தியாயத்தில் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் சொல்கிறது. விடுபட்ட நோன்பைப் பின்னர் களா செய்ய வேண்டும். ஷாஃபி மத்ஹபில், குழந்தையை மட்டும் நினைத்து அஞ்சி விட்டிருந்தால் களாவோடு ஃபித்யாவும் சேரும். ஹனஃபி மத்ஹபில் களா போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள். "எல்லோரும் நோன்பு, நீ மட்டும் சாப்பிடுகிறாயா" என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளில் வேண்டாம். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ளும் பெண்ணைச் சங்கடப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு

குழந்தை பிறந்ததும் பெரும்பாலானோருக்குச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிடும். ஆனாலும் 6 வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் மீண்டும் எடுக்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நல்லது. கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் பேறுகால மருந்தை டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான்.

கணவர்களும் பெற்றோரும் செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. ஊருக்கு டிக்கெட் போடும் முன், இரண்டாவது டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று தாய் சேய் நல அட்டையைத் திறந்து பாருங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பொத்தேரி எஸ்.ஆர்.எம் போன்ற மருத்துவமனையிலோ எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 28 வாரம் தாண்டிவிட்டாலும் விட்டுவிடாமல் ஊரில் போய் எடுங்கள். அட்டையும் ரிசல்ட்டும் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.

நம் வீட்டுப் பெண்களும் அவர்கள் சுமக்கும் குழந்தைகளும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அந்த அமானிதத்தைப் பேண இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். எல்லாத் தாய்மார்களுக்கும் சுகப்பிரசவத்தை வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.