வீட்டு வாயிலிற் பனி அகற்றும் பொறி: தேர்ந்தெடுக்கும் முறை

பனி என்னும் சொல்லைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு நினைவில் வருவது மார்கழி விடியற்காலையிற் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியேயாம். அத்துளிக்கு அஞ்சித் தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு கல்லூரிக்கு நடந்த நாட்களை, இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் மறந்திரார். அவர்களுட் பெருந்தொகையினர் இன்று கனடா நாட்டிலே, சிறப்பாக ரொறன்ரோ நகரிலும் அதன் அயலிலும் குடியமர்ந்துள்ளனர். ஆங்கு வானத்தினின்றும் பஞ்சுபோல் இறங்கி முழங்காலளவு குவியும் பொருளையும் நாம் பனி என்றே வழங்குகின்றோம். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. முன்னையது வெயில் ஏற மறையும். பின்னையதை மனிதனே அகற்றல் வேண்டும்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த அன்பர் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், ஒரு தை மாதக் காலையிற் சவளும் கையுமாகப் பனி அள்ளிக்கொண்டிருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயிலிலேயே சாய்ந்தார். நல்லூழாக அயலவர் கண்டமையால் உயிர் பிழைத்தார். மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, “மச்சான், எத்தனை குதிரை வலு உள்ள பொறி வாங்கலாம்?” என்பது. அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை எழுந்தது.

அவருக்கு நேர்ந்தது அரிய நிகழ்ச்சியன்று. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையுள்ள பதிவுகளை ஆராய்ந்து 2017 இல் மொன்றியல் ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, 20 சென்ரிமீற்றர் பனி பெய்த நாளின் மறுநாளில், பனி பெய்யாத நாளோடு ஒப்பிடுகையில், ஆண்களிடையே மாரடைப்பால் மருத்துவமனை சேர்தல் 16 வீதமும் இறத்தல் 34 வீதமும் மிகுந்திருந்தன. பழக்கமற்ற உடல், திடீரென வந்த கடும் உழைப்பு, குருதிக் குழாய்களைச் சுருக்கும் குளிர் ஆகிய மூன்றும் ஒரே வேளையிற் கூடுகின்றன. தென்னாசிய மக்களிடத்தில் இருதய நோய் இளவயதிலேயே மிகுதியாகத் தோன்றுவது மருத்துவர் நன்கறிந்த செய்தி. ஆதலின் நம்மவருக்கு இப்பொறி ஆடம்பரப் பொருளன்று.

இனி, எவ்வளவு பனியை அகற்ற வேண்டியுள்ளது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டுக் கராஜுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட வண்டிப்பாதையை அங்கே ‘டிறைவ்வே’ என்பர். இரண்டு மோட்டார் வண்டிகள் அருகருகே நிற்கும் பாதை 18 அடி அகலமும் 30 அடி நீளமும் உடையதாயின், அதன் பரப்பு 540 சதுர அடி, அஃதாவது ஏறத்தாழ 50 சதுர மீற்றர். அதில் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பனி கிடந்தால் கனவளவு 10 கன மீற்றர். புதிதாகப் பெய்த உலர்ந்த பனி ஒரு கன மீற்றர் 100 கிலோகிராம் அளவில் நிற்கும். எனவே பஞ்சுபோலத் தோன்றும் அதன் நிறை 1,000 கிலோகிராம். ஈரப்பனியாயின் இரு மடங்கு, மும்மடங்கு ஆகும்.

இவ்வளவோடு முடிந்தால் நன்று. நகரசபையின் பனிவண்டி தெருவை வழித்துச் செல்லும்போது, ஒதுக்கிய பனியை நம் பாதையின் வாயிலிலே நீளமாகக் குவித்துவிட்டுப் போகும். வயல் வரம்பு போற் கிடக்கும் அதனைப் பனிவரம்பு எனக் கூறலாம். உருண்டு, அழுந்தி, உப்பும் சேறும் கலந்து கிடக்கும் அவ்வரம்பு ஒரு கன மீற்றர் 400 கிலோகிராம் வரை நிறுக்கும். ஒரு மீற்றர் அகலமும் சராசரி 40 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டு 18 அடி நீளத்துக்கு அது கிடப்பின், நிறை ஏறக்குறைய 900 கிலோகிராம். பாதை முழுவதிலும் கிடந்த புதுப்பனியின் நிறைக்கு இந்த ஒற்றை வரம்பின் நிறை ஏறத்தாழச் சமமாகின்றது! மேலும், அது இரவில் இறுகிக் கல்லாகிவிடும். ஆகவே பொறி வாங்கப் புகுவோர் பாதையைப் பார்த்தல் போதாது. வாயில் வரம்பைப் பார்த்தே தெரிதல் வேண்டும். யானே இதனை அறியாது, முதற் குளிர்காலத்தில் மலிவு கருதி வடம் இழுத்து ஓடும் சிறிய மின்பொறி ஒன்றை வாங்கினேன். மேற்பனியை அது விளையாட்டாக வீசிற்று. வரம்பின் முன் சென்றதும் முகத்தை முட்டிக்கொண்டு துள்ளியதன்றி ஒரு பிடியேனும் எடுத்திலது. கடைசியில் வரம்பைச் சவளாலேயே வெட்டி அகற்றினேன். எதற்காகப் பொறி வாங்கினேனோ அவ்வேலை என் முதுகிலேயே விழுந்தது.

‘ஸ்னோ புளோவர்’ எனப்படும் இப்பொறியின் மூலமும் கனடாவே. 1869 இல் ரொறன்ரோப் பல்வைத்தியரான எலியட் என்பவர் புகைவண்டிப் பாதைக்கெனச் சுழல்சக்கரப் பனிக்கலப்பை ஒன்றை அமைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். தெருவுக்கு ஏற்றதை 1925 இல் ஆக்கியவர் கியூபெக் மாகாணத்து ஆதர் சிக்காட். வயலிற் சூடடிக்கும் யந்திரத்தைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்பர். 1927 இல் மொன்றியலை அடுத்த ஊத்திரமொன் நகரசபை அவரிடம் முதற்பொறியை வாங்கியது.

வீடுகளிற் பயன்படுவன பெரும்பாலும் இருவகை. ஒருபடிப் பொறியில், இறப்பர் விளிம்புடைய சுழல்தட்டு ஒன்றே பனியை வாரி அதே வேகத்தில் மேற்குழலின் வழியே வீசும். தட்டு நிலத்தைத் தொட்டுச் சுழல்வதால் தளம் துடைத்தது போலாகும். அத்தொடுகையே பொறியை முன்னுக்கும் இழுக்கும். நிறை 30 முதல் 45 கிலோகிராம் வரையில் இருத்தலால் முதியோரும் எளிதிற் கையாளலாம். எட்டங்குலம் வரையுள்ள புதுப்பனிக்கு இது சாலும். சரளைக்கல் பரவிய பாதையில் மட்டும் ஓட்டலாகாது. கல்லை வாரி அயல்வீட்டுச் சாளரத்தில் வீசிவிடும்.

இருபடிப் பொறியில் வேலை பகிரப்படுகிறது. முன்னுள்ள உருக்குத் திருகுத்தட்டு மெல்லச் சுழன்று பனியை வெட்டி நடுவுக்குத் தள்ள, பின்னுள்ள வீசுசக்கரம் அதை விரைந்து ஏற்று 40 அடிக்கும் அப்பால் எறியும். சில்லுகளும் எஞ்சினாலே உருளுவதால் நாம் தள்ள வேண்டுவதில்லை. பிடித்து நடந்தால் அமையும். அடியிலுள்ள சறுக்குத்தட்டுகளை உயர்த்தி வைத்தாற் சரளைப் பாதையிலும் ஓட்டலாம். இறுகிய வரம்பை வெட்டுதற்கு உரியது இதுவே. ஆயின் 24 அங்குலப் பொறியே 100 கிலோகிராம் அளவில் நிறுக்கும். திருப்புகையில் தோளை வருத்தும். கைப்பிடியிலுள்ள நெம்பை அழுத்தினால் ஒரு பக்கச் சில்லை நிறுத்தித் திருப்பித்தரும் அமைப்புடையதையே முதியோர் வாங்குக. கயிறு இழுத்துக் கிளப்புதலும் நெஞ்சுக்கு ஆகாது. வீட்டு மின்வடத்தைச் செருகிப் பொத்தானை அழுத்தினாற் கிளம்பும் வசதி பலவற்றில் உண்டு. அதனைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

அகலம் மிகுந்தது சிறந்தது என்னும் மயக்கம் பலரிடத்தில் உண்டு. மேற்கூறிய 18 அடிப் பாதையை 24 அங்குலப் பொறி ஒன்பது நடையிலும் 30 அங்குலப் பொறி எட்டு நடையிலும் முடிக்கும். ஒரு நடையை மிச்சம்பிடிக்கப் பல நூறு டொலர் கூடுதலாகக் கொடுப்பானேன்? அன்றியும் ஒரே எஞ்சினை அகன்ற வாயிற் பூட்டினால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கிடைக்கும் வலு குறையும். வரம்பில் அது உடனே தெரியும். குதிரை வலுவைப் பற்றிய அன்பரின் கேள்விக்கும் இதுவே விடை: வலுவை அகலத்தோடு சேர்த்தே பார்த்தல் வேண்டும். 24 அங்குலத்துக்கு 200 கன சென்ரிமீற்றருக்குக் குறையாத எஞ்சின் இருப்பின் ரொறன்ரோ வீட்டுக்குத் தாராளம். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று மீற்றர் பனி காணும் கியூபெக் நகரத்தார் வேறு கணக்குப் போடுவர்.

பெற்றோலா, பற்றறியா என்பது இக்காலத்து வழக்கு. பற்றறிப் பொறியில் புகையில்லை, ஓசை குறைவு, பராமரிப்பு இல்லையென்றே சொல்லலாம். சிறு பாதைக்கு ஒருபடிப் பற்றறிப் பொறி என் மனத்துக்குப் பிடித்தது. ஆயின் கடுங்குளிரிற் பற்றறியின் கொள்ளளவு குறையும்; அதனை வீட்டுக்குள்ளே வைத்திருந்து வேலை வேளையில் மட்டும் பூட்டல் வேண்டும். பெரும்பனி நாளிற் பாதி வேலையில் ஓய்ந்துவிடாதிருக்க இரண்டாம் பற்றறியும் வேண்டும்; அதன் விலையோ கொஞ்சமன்று. பெற்றோற் பொறிக்கு அந்தக் கவலையில்லை. அதற்குள்ள கவலை கோடைகாலத்திலே. எதனோல் கலந்த பெற்றோல் மாதக்கணக்காகக் கிடந்தால் ஈரம் இழுத்துக் காபுறேற்றரை அடைத்துவிடும். மார்கழியிற் கிளம்பாத பொறிகளுட் பல சித்திரையிலேயே கெட்டவையாம்.

ஒற்றை வண்டி நிற்கும் குறும்பாதையுடையார், வரம்பை நகரசபையே திறந்துவிடும் தெருவிலும் இருப்பாராயின், பொறி வாங்காது பருவத்துக்கு ஒருவரை அமர்த்துதலே மேல் என்பது என் கருத்து. இரு அயலார் கூடி ஒன்றை வாங்குதலும் நடக்கின்ற காரியமே. ஆனால் இருவரும் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்படுவோராயின் அது நட்புக்குக் கேடு.

பனியை எங்கே எறிவது என்பதையும் வாங்குமுன் நோக்குக. ரொறன்ரோவில் அதனைத் தெருவில் தள்ளுதல் நகர விதியால் தடுக்கப்பட்டுள்ளது. இருபுறமும் மதில் போல் வீடுகள் நெருங்கியிருப்பின், குழலை விரும்பிய திசைக்கும் உயரத்துக்கும் இருக்கைவிடாது திருப்பக்கூடிய பொறியே பயன்படும்.

குழல் ஈரப்பனியால் அடைபடும்போது கைவிட்டு எடுக்கப் போய் விரல் இழந்தோர் பலர். எஞ்சினை நிறுத்திய பின்னும் அடைபட்ட சக்கரத்தில் முறுக்கு எஞ்சியிருக்கும். அடைப்பு நீங்கியவுடன் அது ஒரு சுற்றுச் சுற்றும். பொறியோடு தரப்படும் தடியாலன்றி வேறெதனாலும் தொடலாகாது. கராஜின் கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோற் பொறியைக் கிளப்புதல் நஞ்சை மூச்சில் ஏற்றுதலேயாம்.

மருத்துவமனையிலிருந்து மீண்ட அன்பர், 24 அங்குல இருபடிப் பொறி ஒன்றை மின்வடத்தாற் கிளம்பும் வசதியோடு வாங்கினார். முதல் ஆண்டிலேயே வரம்பில் புதைந்திருந்த செய்தித்தாட் கட்டொன்று திருகுத்தட்டிற் சிக்கிற்று. பற்சக்கரப் பெட்டி முறியாது காக்கவே அங்கு மெல்லிய ஆணிகள் பூட்டப்பட்டுள்ளன. அவை முறிந்தன, பொறி தப்பியது. ஆணிக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட உருக்கு ஆணியைப் பூட்டலாமா என்று தொலைபேசியிற் கேட்டார். கூடாது என்றேன், அந்த ஆணி முறியாது, பெட்டிதான் முறியும். இப்போது அவருடைய கராஜின் சுவரில் ஒரு பேணி நிறைய உரிய ஆணிகள் தொங்குகின்றன.