சிட்டாவைக் காப்பாற்றுவோம்

மளிகைக் கடையில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வரவையும் செலவையும் நடந்த வரிசையில் உடனுக்குடன் குறிப்பது சிட்டா. பின்னர் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. பேரேடு தீக்கிரையானாலும், அதன் பழைய நகல் ஒன்றும் அதற்குப் பின் எழுதிய சிட்டாவும் கையில் இருந்தால் கணக்கை மீண்டும் எழுதிவிடலாம்.

கணிப்பொறியும் இதையே செய்கிறது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் ‘லாக்’ என்னும் தன் சிட்டாவில் எழுதிக்கொள்கிறது. இந்த லாக் வழக்கமாக 16 மெகாபைட் கொண்ட கோப்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றும் நிறைந்ததும் அதன் நகல் காப்புக் கணிப்பொறிக்குச் செல்லும். அங்கும் அதே மாற்றங்கள் வரிசையாக ஏற்றப்படும். முதற்கணிப்பொறி பழுதானால் இது அதன் இடத்தில் நிற்கும்.

நகலெடுப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். 10 மெகாபைட் சென்றதும் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? அரைக்கோப்பு முழுக்கோப்பின் பெயரோடு அங்கே கிடக்கும். ‘போய்ச் சேர்ந்தது’ என்று நம்பி இங்கே மூலத்தை அழித்துவிட்டால், சிட்டாவில் ஒரு தாள் கிழிந்தது போலத்தான். அதற்குப் பின் வரும் தாள்கள் எத்தனை இருந்தாலும் ஏற்ற முடியாது.

ஆகவே கோப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் அனுப்ப வேண்டும். அது முழுவதும் வட்டில் பதிந்த பிறகே உரிய பெயரைச் சூட்ட வேண்டும். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடிச் செயல். அதில் அரைகுறை கிடையாது. அதன் பின்னரே ‘வெற்றி’ என்று அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு ஓர் எண், அது சுழி! தேர்வில் நாம் அஞ்சும் சுழி இங்கே முழு மதிப்பெண். வேறு எண் வந்தால் போஸ்ட்கிரெஸ் மூலத்தை அழிக்காமல் வைத்திருந்து மறுபடி முயலும். அதற்காக நாள்கணக்கில் கவனிக்காமல் விடவும் கூடாது. தேங்கிய கோப்புகளால் வட்டு நிரம்பித் தரவுத்தளமே நின்றுவிடும்.

அதே பெயரில் அங்கே முன்பே ஒரு கோப்பு இருந்தால்? இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றென்றால் பாதகமில்லை. வேறானால் மேலெழுதாமல் தவறென்று சொல்லி நிற்க வேண்டும். வேறொரு கணிப்பொறி அதே இடத்துக்குத் தவறுதலாகத் தன் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் காப்புக் கணிப்பொறி பின்தங்கியது. அதற்குத் தேவையான லாக் கோப்புகள் முதற்கணிப்பொறியில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தனியே சேமிக்கும் வழக்கமும் அங்கு அப்போது இல்லை. காப்பைப் புதிதாக அமைக்க முயன்ற பொறியாளர் ஒருவர், அதன் கோப்புகளை அழிப்பதாக எண்ணி முதற்கணிப்பொறியின் கோப்புகளையே அழித்துவிட்டார். அன்றாடக் காப்பு நகல்களும் வெகுநாளாக உருவாகவே இல்லை. அதை எச்சரித்த மின்னஞ்சல்கள் யாரையும் எட்டவில்லை. வேறொரு சோதனைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் பதிந்த சுமார் 700 புதிய பயனர்களின் கணக்குகள் திரும்பக் கிடைக்கவில்லை.