சிறுநீர் நின்றால் ஆபத்து! கத்திரி வெயிலில் வலி மாத்திரை போட்டால் கிட்னிக்கு வேட்டு!

மூட்டை தூக்குகிறவர்களே, வண்டி இழுக்கிறவர்களே, ஆட்டோ ஓட்டுகிறவர்களே, உஷார்! வெயிலில் காய்ந்த உடம்புக்கு நீங்கள் வாங்கிப் போடும் வலி மாத்திரை, கிட்னிக்கு எமனாகலாம்!

கோயம்பேடு மார்க்கெட்டுக்கு நள்ளிரவில் லாரிகள் வந்து நிற்கும். மூட்டை இறக்கத் தொடங்கினால் விடிந்து வெயில் ஏறும்வரை ஓய்வு கிடையாது. சட்டையைப் பிழிந்தால் வியர்வை கொட்டும். குடிப்பதோ இரண்டு டீ!

வேலை முடிந்ததும் இடுப்பு 'விண் விண்' என்று தெறிக்கும். "அண்ணே, உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்து விடுகிறவர்கள் ஏராளம்.

இப்படிப்பட்டவர் வாந்தி, கால் வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டர் கேட்பது இதைத்தான்: "கடைசியா எப்பப்பா ஒண்ணுக்குப் போனே? என்ன மாத்திரை போட்டே?"

முறைத் தண்ணீர்

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்கே போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர்! கிட்னிகள் நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிகட்டி, சுமார் 1½ லிட்டரை மட்டும் சிறுநீராகத் தள்ளுகின்றன. மிச்சத்தை உடம்புக்கே திருப்பிக் கொடுத்து விடுகின்றன.

வியர்வையாலோ, வாந்தி பேதியாலோ நீர் வற்றினால் ரத்தத்தின் அளவும் குறையும். உடனே உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றத்தான் முந்தும். கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைந்து விடும். 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டபோது வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்தார்களே, அது போல!

மூடும் வாசல்

அப்போதும் கிட்னி சும்மா இருக்காது. ஒரு ரசாயனத்தைச் சுரந்து, தனக்கு ரத்தம் வரும் குழாயைத் திறந்து வைத்துக் கொள்ளும். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் அந்த ரசாயனத்தைத் தடுத்து விடுகின்றன. வலி போகும், கிட்னியின் வாசலும் மூடிக் கொள்ளும்!

சீக்கிரம் நீர் ஏற்றினால் கிட்னி பழைய நிலைக்கு வந்து விடும். தாமதமானால் உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் செல்கள் பிராணவாயு இல்லாமல் செத்து விடும். நிலைமை முற்றினால் டயாலிசிஸ்தான்!

பலருக்குச் சில வாரங்களில் புதுச் செல்கள் முளைத்து கிட்னி தேறி விடுகிறது. சிலருக்குத் தேறுவதில்லை. தினக்கூலிக்காரர் வாரத்தில் மூன்று நாள் மெஷின் பக்கத்தில் படுத்துக் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

தப்புவது எப்படி?

வேலைக்கு நடுவிலேயே தண்ணீர், மோர், கஞ்சி குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடம்பு காய்ந்து விட்டது என்று அர்த்தம்.

பேதி என்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் குடிக்கலாம். ஸ்பூனில் தலை தட்டி அளக்க வேண்டும்.

டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாந்தி பேதி வந்தால் உடனே டாக்டரைக் கேட்க வேண்டும். இதய நோய், கிட்னி நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

அரை நாளாகச் சிறுநீரே பிரியவில்லையா? "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இடுப்பு வலி ஒரு நாள் பொறுக்கும். கிட்னி பொறுக்காது!