கடலைப் புண்ணாக்கின் தரமறிதல்

கறவை மாட்டிற்கும் உழவு மாட்டிற்கும் கடலைப் புண்ணாக்கு சிறந்த தீனி என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆனால் விலை கொடுத்து வாங்கும் மூட்டையில் புண்ணாக்கு எவ்வளவு, பிற வஸ்து எவ்வளவு என்று ஆராய்ந்து வாங்குவோர் சிலரே. மூட்டையின்மேல் குறித்துள்ள புரத விகிதத்தை மட்டும் நம்புதல் போதாது.

ரஸாயன சாலையில் வழக்கமாகப் புரதத்தை நேரே அளப்பதில்லை. தீனியிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதனை 6.25-ஆல் பெருக்கிப் புரதமென்று குறிக்கிறார்கள். நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜனுள்ள யூரியா உரத்தில் ஒரு கிலோவைக் கலந்தால், அது கணக்கில் சுமார் 2.9 கிலோ புரதமாகத் தோன்றும். 2007-ம் வருஷத்தில் வட அமெரிக்காவில் நாய், பூனைகளுக்கு விற்கப்பட்ட தீனியில் இத்தகைய மோசடியே வெளிப்பட்டது. கோதுமைப் பசைச்சத்து என்ற பெயரில் சீனாவிலிருந்து வந்த மாவில், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்னும் வஸ்து கலந்திருந்தது. அத்தீனியை உண்ட பிராணிகள் பல சிறுநீரகம் கெட்டு மாண்டன.

ஆகையால் வாங்குமுன் வஸ்துவையே சோதித்தல் வேண்டும். கட்டியை உடைத்து முகர்ந்தால் கடலை மணம் வீச வேண்டும். காறல் நாற்றமும் பூசண வாடையும் ஆகா. ஒரு பிடி தூளைக் கண்ணாடிக் குவளை நீரிலிட்டுக் கலக்கிச் சற்று நேரம் வைத்தால், மணல் அடியில் தங்கும். புள்ளியிட்டுப் பளபளக்கும் ஓட்டுத் துணுக்குகள் தென்பட்டால் ஆமணக்குப் புண்ணாக்கு கலந்ததென ஐயுறலாம். அது விஷமுள்ளதாகையால் எருவிற்கே உரியது. யூரியாவைக் கண்டறிய, புண்ணாக்கு ஊறிய நீரை வடிகட்டி, அதில் வறுக்காத சோயா மாவு சிறிதிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் காகிதத்தைத் தோய்க்கவும். காகிதம் நீலமானால் யூரியா உண்டென்று கொள்ளலாம்.

பூசண விஷம் இவற்றினும் கொடியது. 1960-ல் இங்கிலாந்தில், பிரேஸில் தேசத்துக் கடலைப் புண்ணாக்கு சேர்ந்த தீனியால் லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அதற்குக் காரணமான அஃப்லடாக்ஸின் கண்ணுக்குப் புலப்படாது; வேகவைத்தாலும் நீங்காது; கறவையின் பாலிலும் இறங்கி, அதனைப் பருகும் குழந்தைகளையும் சேரும். எனவே ஈரம் பட்ட மூட்டையை மலிவென்று வாங்கலாகாது. நல்ல புண்ணாக்கையும் தரையிலிடாமல், சுவரை ஒட்டாது பலகைமேல் அடுக்கி வைக்க வேண்டும்.

மொத்தமாக வாங்குவோர், பல மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிது எடுத்துக் கலந்த மாதிரியைத் தீனிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, யூரியாவையும் அஃப்லடாக்ஸினையும் தனித்தனியே பரிசோதிக்கும்படி எழுதிக் கேட்பது நலம். தனித்து இயலாத சிறு குடியானவர்களை ஒன்றுசேர்த்து இதனைச் செய்விப்பது கிராம அதிகாரிகளால் ஆகும் உபகாரம். பரிசோதனைச் செலவுக்கு அஞ்சி மாட்டை இழத்தல் சிக்கனமாகாது.