ஆசைக்கு ஒரு பாட்டு, பிரிவுக்கு ஒரு பாட்டு

1963 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளியான ‘பி மை பேபி’, பெண் குழுக்களின் பாப் இசை எட்டிய உச்சங்களில் ஒன்று. ரோனெட்ஸ் என்ற நியூயார்க் குழுவின் பெயரில் வந்த பாடல் அது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 அக்டோபரில், லண்டன் பாடகி ஆமி வைன்ஹவுஸ் தன் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டார். அதன் தலைப்புப் பாடலான ‘பேக் டு பிளாக்’, அறுபதுகளின் பெண் குழுக்களுக்கு அவர் செலுத்திய இசை மரியாதை. முன்னது காதல் தொடங்கும் வேளையின் ஆசையைப் பாடுகிறது. பின்னது காதல் முறிந்தபின் எஞ்சும் இருளைப் பாடுகிறது. ஒரு தலைமுறையின் ஒலியை இன்னொரு தலைமுறை எப்படி எடுத்தாள வேண்டும் என்பதை இந்த இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

பெண் குழுக்களின் காலம்

ஐம்பதுகளின் இறுதியில் அமெரிக்க நகரங்களின் பள்ளி மாணவிகள் மூவர், நால்வராகச் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். ஒருத்தி முன்னின்று பாடுவாள். மற்றவர்கள் பின்குரல் கொடுப்பார்கள். 1960-இல் ஷிரெல்ஸ் குழு பாடிய ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. கறுப்பினப் பெண் குழு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. அதற்குப் பிறகு பெண் குழுக்களுக்குப் பெரும் சந்தை திறந்தது.

பாடியவர்கள் பதின்வயதுப் பெண்கள்தான். ஆனால் பாடல்கள் பெரும்பாலும் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் இருந்த பிரில் பில்டிங்கிலும் அதன் அக்கம்பக்கத்துக் கட்டடங்களிலும் பிறந்தன. சம்பளத்துக்கு எழுதும் இளம் பாடலாசிரியர்கள் அங்கே பியானோ போட்ட சிறு அறைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். எதைப் பாடுவது, எப்படிப் பதிவுசெய்வது, யார் பெயரில் வெளியிடுவது என்பதையெல்லாம் தயாரிப்பாளரே முடிவு செய்தார். 1962-இல் முதலிடம் பிடித்த ‘ஹீ இஸ் எ ரெபெல்’ கிறிஸ்டல்ஸ் குழுவின் பெயரில் வெளியானது. உண்மையில் அதைப் பாடியவர் டார்லீன் லவ். அந்தக் குழுவைச் சேராத அவருடைய பெயர் இசைத்தட்டில் இல்லை.

கோல்டு ஸ்டாரில் எழுந்த சுவர்

ரோனெட்ஸ் மூவரும் ஒரே குடும்பத்தினர்: வெரோனிகா என்கிற ரோனி பென்னட், அவருடைய அக்கா எஸ்டெல், தாய்வழியில் தங்கை முறையான நெட்ரா டாலி. உயரமாக ஏற்றிக் கட்டிய கூந்தல், கண்ணோரம் நீண்டு தடித்த மை, இறுக்கமான ஆடை. அன்றைய மற்றப் பெண் குழுக்களின் அடக்கமான தோற்றத்துக்கு இது நேர் எதிர்.

ஜெஃப் பேரி, எல்லி கிரீன்விச், தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஆகிய மூவரும் சேர்ந்து ‘பி மை பேபி’யை எழுதினார்கள். 1963 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் கோல்டு ஸ்டார் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. இசை ஒழுங்கமைப்பு ஜாக் நீச்சி. ஒலிப்பதிவு லாரி லெவின். ரோனெட்ஸில் ரோனியின் குரல் மட்டுமே இந்தப் பாடலில் இருக்கிறது. டார்லீன் லவ், அப்போது பெயர் தெரியாத இளம்பெண்ணாக இருந்த ஷேர் போன்றவர்கள் பின்குரல் பாடினார்கள்.

ஸ்பெக்டரின் பாணிக்கு ‘ஒலிச் சுவர்’ என்று பெயர். ஒரு கிட்டார் போதுமான இடத்தில் மூன்று நான்கு கிட்டார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட பியானோக்கள், பேஸ்கள். எல்லாரும் நெருக்கியடித்து ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பகுதியைச் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவரின் ஒலி அடுத்தவரின் மைக்கில் கசியும். அந்தக் கலவையை வெறும் சிமென்ட் பூச்சு மட்டுமே கொண்ட எதிரொலி அறைக்கு அனுப்பி, அங்கே ஒரு ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, சுவர்களில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்து மறுபடி கலப்பார்கள். முடிவில் எல்லாம் ஒற்றைத் தடமான மோனோவில் இறங்கும். தனித்தனி வாத்தியங்கள் காதுக்குத் தெரிவதில்லை. மொத்தமும் ஒரே பெரும் வாத்தியமாக எழுந்து நிற்கிறது.

அதன் முகப்பில் இருப்பது ஹால் பிளேனின் டிரம்ஸ். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்று அது. ஒன்றில் பேஸ் டிரம் விழுகிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்னொரு அடி, மூன்றில் மற்றொரு அடி, நான்கில் மட்டும் ஸ்னேரின் பளீரென்ற அறை. வழக்கமாக இரண்டாம் எண்ணிக்கையிலும் ஸ்னேர் விழ வேண்டும். அது தற்செயலாகத் தவறிப்போனது என்றும், கேட்க நன்றாக இருந்ததால் அப்படியே தொடர்ந்ததாகவும் பிளேன் பின்னாளில் சொன்னார். அந்த வெற்றிடம்தான் பாட்டுக்கு இதயத்துடிப்பின் படபடப்பைத் தருகிறது. காதலைச் சொல்ல வாயெடுப்பவளின் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும்.

பில்போர்டு பட்டியலில் பாடல் இரண்டாம் இடம் வரை சென்றது. 2006-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

மரியாதை செலுத்தும் வழிகள்

இந்தப் பாடலின் தாக்கம் உடனே தொடங்கிவிட்டது. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் இதற்குப் பதில் சொல்வதுபோல 1964-இல் ‘டோன்ட் வொரி பேபி’யை உருவாக்கினார். 1985-இல் ஸ்காட்லாந்தின் ஜீசஸ் அண்டு மேரி செயின் குழு, ‘ஜஸ்ட் லைக் ஹனி’யைப் பிளேனின் அதே தாளக்கட்டோடு தொடங்கியது. 1986-இல் எடி மணி தன் ‘டேக் மீ ஹோம் டுநைட்’ பாடலில் ரோனியையே அழைத்து, பழைய பல்லவியை அவர் குரலிலேயே பாட வைத்தார். ஒருவர் உணர்வை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் தாளத்தை, மூன்றாமவர் குரலை. ஆமி வைன்ஹவுஸ் செய்தது இவை மூன்றிலிருந்தும் வேறுபட்டது. அவர் ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வகைமை முழுவதையும் தன் துயரத்துக்கு மொழியாக்கிக்கொண்டார்.

நியூயார்க்கில் ஒரு சந்திப்பு

2006-இல் நியூயார்க்கில் ஆமியும் தயாரிப்பாளர் மார்க் ரான்சனும் சந்தித்தார்கள். எப்படிப்பட்ட இசை வேண்டும் என்ற கேள்விக்கு, ஆமி ஷாங்கிரி-லாஸ் குழுவின் பாடல்களைப் போட்டுக் காட்டினார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிப் பெண்களான அவர்கள் 1964-இல் ‘லீடர் ஆஃப் த பேக்’ மூலம் புகழடைந்தவர்கள். விபத்தில் சாகும் காதலன், வீட்டை விட்டு ஓடிப்போகும் மகள் எனத் துயரக் கதைகளை நாடகம்போல் பாடுவது அவர்கள் பாணி. அன்றிரவே ரான்சன் ‘பேக் டு பிளாக்’கின் பியானோ பகுதியை அமைத்தார். அதோடு பேஸ் டிரமும், எதிரொலியில் தோய்ந்த டாம்பரினும் சேர்ந்தன. அதைக் கேட்ட ஆமி மளமளவென்று வரிகளை எழுதிவிட்டார்.

பல்லவியின் ஒரு வரி மற்றதோடு இயைபில் சேரவில்லை, மாற்றலாமா என்று ரான்சன் கேட்டார். மனத்திலிருந்து வந்த வரி அது, ஏன் மாற்ற வேண்டும் என்பது ஆமியின் பதில். வரி அப்படியே நின்றது. பிரில் பில்டிங்கில் எந்தப் பாடகியும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

வாத்தியப் பதிவு புரூக்ளினின் டாப்டோன் ஸ்டுடியோவில் நடந்தது. வாசித்தவர்கள் டாப்-கிங்ஸ் இசைக்குழுவினர். ஒலிப்பதிவு கேப்ரியல் ராத். கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக ஒட்டும் முறையே வழக்கமாகிவிட்ட காலத்தில், பழைய டேப் இயந்திரங்களில், இசைக்கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் முறையை விடாமல் காத்துவந்த இடம் அது. அறுபதுகளின் ஒலியை ஒரு கருவியின் பொத்தானை அழுத்தி வரவழைக்கவில்லை. அந்த ஒலியை உண்டாக்கிய வேலைமுறையையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டால்

‘பி மை பேபி’ இ மேஜரில் அமைந்தது. அதன் சரணம், ஒரு படி முடிந்ததும் அடுத்த படி என்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) தாவித் தாவிப் போய்ப் பல்லவியின் வாசலில் நிற்கும். பல்லவியில் இ மேஜர், சி ஷார்ப் மைனர், ஏ மேஜர், பி மேஜர் என நான்கு கார்டுகள் சுழல்கின்றன. ஐம்பதுகளின் தெருமுனைப் பாடல் குழுக்கள் ஆயிரம் முறை பாடிய சுழற்சி இது.

‘பேக் டு பிளாக்’ டி மைனரில் அமைந்தது. சரணத்தில் டி மைனர், ஜி மைனர், பி ஃபிளாட், ஏ செவன் என்ற நான்கு கார்டுகள். இரண்டு சுழற்சிகளும் ஐந்தாம் படியின் கார்டில்தான் முடிகின்றன. காது அங்கே நிற்க ஒப்பாது. தொடங்கிய இடத்துக்குத் திரும்பவே துடிக்கும். முந்தைய பாடலில் அந்தத் திரும்பல் வெளிச்சமான மேஜருக்குப் போகிறது. பிந்தையதில் ஒவ்வொரு முறையும் மைனரின் இருட்டுக்கே போய்ச் சேர்கிறது. பழைய வழியில் திரும்பத் திரும்ப விழுவதுதான் பாடலின் பொருள். அந்தப் பொருளை மெட்டே சுமக்கிறது.

பாடல் முடியும் தறுவாயில் இரண்டும் ஒரே உத்தியைக் கையாள்கின்றன. ‘பி மை பேபி’யில் திடீரென்று எல்லா வாத்தியங்களும் விலக, தொடக்கத்தில் கேட்ட டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கிறது. பிறகு பல்லவி முழு வேகத்தில் திரும்புகிறது. ‘பேக் டு பிளாக்’கிலும் அதேபோல் இசை ஒடுங்குகிறது. அங்கே கேட்பது சாவு மணிபோல ஒலிக்கும் ஒரு மணியோசை. அதன்மேல் ஆமி ஒற்றைச் சொல்லையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு கனத்தில் பாடுகிறார். பாடலின் வீடியோவும் இறுதி ஊர்வலமாகவே கறுப்பு வெள்ளையில் லண்டனில் எடுக்கப்பட்டது.

குரல்களிலும் இந்த உறவும் வேறுபாடும் தெரிகின்றன. ரோனியின் குரலில் ஒரு நடுக்கம் உண்டு. பெரும் ஒலிச் சுவரைப் பிளந்துகொண்டு அது முன்னே வருகிறது. சொற்களே இல்லாமல் அவர் நீட்டும் ஆலாபனை இன்றும் பாப் பாடகிகளுக்கு இலக்கணம். ஆமி ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். குரலைத் தாழ்த்தி, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, சொல்லை இழுத்து விடுகிறார். ரோனி கேட்பவரை நோக்கிக் கை நீட்டுகிறார். ஆமி தனக்குள் பேசிக்கொள்கிறார்.

யாருடைய சொல், யாருடைய பாட்டு

இரண்டு பாடல்களுக்கும் நடுவிலுள்ள பெரிய தூரம் வரிகளில் இருக்கிறது. ‘பி மை பேபி’யின் நாயகி ஓர் ஆணை முதல்முறை கண்டதும் தானே முன்வந்து ஆசையைச் சொல்கிறாள். அந்தக் காலத்துக்கு அது துணிச்சல்தான். ஆனாலும் அவள் கேட்பது, அவனுடையவளாக ஆகும் வாய்ப்பை. ‘பேக் டு பிளாக்’கில் காதலன் தன் பழைய துணையிடமே திரும்பிப் போய்விட்டான். நாயகி தன் நிலையை ஒளிவுமறைவின்றி, கொச்சையான சொல்லையும் தவிர்க்காமல் சொல்கிறாள். அறுபதுகளின் வானொலி அதன் முதல் வரிகளையே அனுமதித்திருக்காது. இது ஆமி தன் வாழ்க்கையிலிருந்து எழுதியது. ரான்சனோடு சேர்ந்து பாடலாசிரியராக அவர் பெயரும் இருக்கிறது.

ரோனெட்ஸின் நிலை வேறு. 1963-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி பதிவுகள் அனைத்தும் தயாரிப்பாளருக்கே சொந்தம். தொடக்கத்தில் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்த ஏறத்தாழ 15,000 டாலருக்குப் பிறகு ராயல்டி எதுவும் வரவில்லை. ரோனி 1968-இல் ஸ்பெக்டரை மணந்தார். கொடுமை தாங்காமல் 1972-இல் அந்த வீட்டிலிருந்து தப்பினார். மூவரும் தொடர்ந்த வழக்கு நீண்டகாலம் இழுத்தது. 2002-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், இசைத்தட்டு விற்பனைக்கு ராயல்டி தர வேண்டும் என்றது. திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாடல்களைத் தரும் உரிமை ஸ்பெக்டருக்கே உண்டு என்றும் சொல்லிவிட்டது. ஒரு கொலை வழக்கில் 2009-இல் தண்டிக்கப்பட்ட ஸ்பெக்டர், 2021-இல் சிறைக்கைதியாகவே இறந்தார்.

இந்தப் பின்னணி தெரிந்தால் ஆமியின் மரியாதை இன்னும் ஆழமாகப் புரியும். உயர்ந்த கொண்டை, நீண்ட கண்மை என்று ரோனியின் தோற்றத்தை அவர் எடுத்துக்கொண்டார்; ஷாங்கிரி-லாஸின் துயரத்தையும் எடுத்துக்கொண்டார். ஆனால் பாடகியை வெறும் குரலாக வைத்திருந்த பழைய ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. பெண் குழுக்களின் ஒலியில், அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத உரிமையோடு பாடினார். பழையதைப் போற்றுவதும் அதன் குறையைத் திருத்துவதும் ஒரே பாட்டில் நடந்தேறின.

மரியாதை திரும்பி வந்தது

2008 கிராமி விழாவில் ஆமி ஐந்து விருதுகளைப் பெற்றார். அவருடைய படத்தை ஒரு பத்திரிகையில் பார்த்த ரோனி, கண்ணாடி அணியாததால் அது தானே என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். 2011 ஜூலை 23 அன்று ஆமி தன் 27-ஆம் வயதில் லண்டனில் இறந்தார். அதே ஆண்டில் ரோனி ‘பேக் டு பிளாக்’கைத் தன் குரலில் பதிவுசெய்து, போதையிலிருந்து மீள்பவர்களுக்கு உதவும் அமைப்புக்காக வெளியிட்டார். மற்றவர்கள் எழுதிக் கொடுத்த காதலைப் பாடிப் புகழ்பெற்றவர், தன்னைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண் எழுதிய வரிகளைத் அறுபதைக் கடந்த வயதில் பாடினார். 2022 ஜனவரியில் ரோனியும் மறைந்தார். மூத்த பாடகியே எடுத்துப் பாடும் அளவுக்குச் சொந்தக் காலில் நிற்கும் பாட்டு என்பதால்தான், ‘பேக் டு பிளாக்’ நகலாக இல்லாமல் மரியாதையாக நிலைக்கிறது.