வசவும் வழக்கும்

ஆனைமலை மாசாணியம்மன் சந்நிதியில், பொருளைக் களவு கொடுத்தவரும் வஞ்சனைக்கு ஆளானவரும் நீதிக்கல்லின் மீது மிளகாயை அரைத்துப் பூசித் தம் மன எரிச்சலை அம்மனிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே எரிச்சலைப் பொள்ளாச்சிச் சாலையில் வண்டியை மறித்த காவலரிடம் வசவாகக் கொட்டிவிட்டாலோ, அன்று மாலைக்குள் வழக்கொன்று பதிவாகிவிடக்கூடும்.

போலீஸ்காரரைத் திட்டுவது குற்றமென்று நம் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாச வார்த்தை பேசுவதைத் தண்டிக்கும் பழைய 294(பி) பிரிவே இதற்குக் கைகொடுத்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவாகி, மூன்று மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆயினும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், காம உணர்வைத் தூண்டும் தன்மையில்லாத வெறும் வசைச்சொல் அப்பழைய பிரிவுக்குள் அடங்காதென்று தெளிவுபடுத்திற்று. சிங்கப்பூரின் மார்க்கம் வேறு: அங்கே கடமையிலிருக்கும் அரசு ஊழியரை வைவதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 5,000 வெள்ளி அபராதமும் பன்னிரண்டு மாதச் சிறையும் வரை உண்டு.

அம்மார்க்கம் நமக்கு வேண்டாமென்பதே என் அபிப்பிராயம். வெயிலில் நாள் முழுதும் நிற்கும் காவலரின் தாயைப் பழிக்கும் சொல் அவர் நெஞ்சைப் புண்படுத்துவது மெய்; ஆனால் கைநீட்டினால், கடமையைத் தடுத்தால், கொலை மிரட்டல் விடுத்தால் தண்டிக்க ஏற்கனவே பிரிவுகள் இருக்க, வசவைக் கேட்டவரே புகார்தாரராகவும், அவருடைய ஸ்டேஷனே வழக்கைப் பதிந்து கைது செய்யும் இடமாகவும் அமைந்தால், ஏழைக் குடியானவனின் வாய்ச்சொல்லுக்கு நியாயம் எங்கே கிடைக்கும்?

மேலும், எங்கள் கொங்கு வட்டாரத்தில் 'ஏனுங்க', 'சொல்லுங்க' என்ற மரியாதைச் சொற்கள் பேச்சின் உயிர்நாடி. தன் மகன் வயதுள்ள காவலரை 'ஏனுங்க' என்றழைக்கும் முதியவருக்குப் பதிலாக 'ஏய்' என்ற அதட்டல் வருமானால், அங்கே முதல் வசவு யாருடையது? கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் இதை உணர்ந்தே, காவலர்கள் மக்களை 'எடா', 'எடி', 'நீ' என்றழைக்கலாகாதென்று பணித்தது. அவ்வாறே காவல்துறைத் தலைவரும் சுற்றறிக்கை விடுத்தார். அந்தச் சுற்றறிக்கை போன்ற ஒன்று பாலக்காட்டு எல்லையைக் கடந்து, இங்கே ஆனைமலையின் ஸ்டேஷன் வாசலுக்கும் வந்து சேர வேண்டுமென்று மனமார விரும்புகிறேன்.