சேமித்து வைத்த நீரில் மக்கல் வாடை

கறவை மாடு, ஆடு, கோழி என்று இருந்துவந்த புழக்கடைத் தொழில்களின் வரிசையில் வண்ண மீன் வளர்ப்பும் இப்பொழுது சேர்ந்துவிட்டது. சென்னை கொளத்தூரில் நடைபெறும் வண்ண மீன் வியாபாரத்தைப் பற்றி அறியாதார் குறைவு. அந்தச் சந்தையை நம்பி அக்கம்பக்கத்துக் கிராமங்களில் பல குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன்குஞ்சு வளர்த்து வருகின்றன. 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புழக்கடை அலகு ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் செலவாகும் என்று கணக்கிட்டு, மகளிருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும், ஏனையோருக்கு 40 சதவிகிதமும் மானியம் வகுக்கப்பட்டது. மீதித் தொகை பெரும்பாலும் கடனாகவே கிடைக்கிறது. ஆகவே, ஒரு தொட்டி மீன் செத்துப்போனால் நஷ்டம் மீனோடு நிற்பதில்லை. அடுத்த மாதத் தவணையும் நின்றுவிடுகிறது.

இவ்விதம் ஒரு நஷ்டம் எங்கள் வட்டாரத்தில் நேர்ந்தது. அதற்குக் காரணமாக இருந்தவன் நான். ஆகையால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று ஏஞ்சல் மீன் வளர்த்து வந்தது. அவ்வூர்க் கிணற்று நீர் மிகவும் கடினத்தன்மை உடையது. கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களுக்குக் கடின நீரால் குறைவில்லை. ஏஞ்சல், டிஸ்கஸ், டெட்ரா வகைகளை முட்டையிடச் செய்வதற்கோ மென்னீர் வேண்டும். அதற்காகவே அவர்கள் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றை வாங்கி, சுத்திகரித்த நீரை 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டில் நிரப்பி வைத்திருந்தார்கள். வேறொரு பணியைப் பார்வையிடச் சென்ற என்னை அழைத்து, “ஐயா, இந்தத் தண்ணீர் மழை பெய்த மண் மாதிரி மணக்கிறது, நாள்பட நாள்பட மக்கின சாக்கு வாடையாகிவிடுகிறது. சுத்தமான தண்ணீர் ஏன் நாற வேண்டும்?” என்று குழுத் தலைவி கேட்டார். குடிநீர்த் தொட்டிகளை நினைத்துக்கொண்டு, “ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் போடுங்கள், அம்மா; சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

அவர்கள் அன்று மாலையே போட்டார்கள். மறுநாள் காலை தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்துவிட்டு, டிரம் நீரை விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மீன்கள் மேலே மிதந்தன. டிரம்மில் மக்கல் வாடை அப்படியே இருந்தது.

பின்னர் கணக்குப் பார்த்தேன். நல்ல பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. 5 கிராம் பவுடரை 200 லிட்டர் நீரில் கலந்தால் லிட்டருக்கு 8 மில்லிகிராம் குளோரின் ஆகிறது. நம் குடிநீர்க் குழாயில் இருக்க வேண்டியதோ 0.2 மில்லிகிராம். அந்தச் சிறிய அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கப் போதுமானது. அன்று வாடை வீசிய நீரை அப்படியே ஊற்றியிருந்தால் மீன்கள் பிழைத்திருக்கக்கூடும். நோயைவிட நான் சொன்ன மருந்து கொடியதாயிற்று.

இந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதை இனிப் பார்ப்போம். கோடையில் முதல் மழை பெய்தவுடன் எழும் மண்வாசனை நம் விவசாயிகளுக்குப் பிரியமானது. அந்த வாசனைக்குப் பெரும் காரணம், ஆக்டினோமைசீட்ஸ் என்ற மண் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருள். 1965ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் மண்வாசனை என்பதே அதன் பொருள். நீலப்பச்சைப் பாசி வகைகளும் இதை உண்டாக்குகின்றன. மழை நாளில் இன்பம் தரும் அதே பொருள், மூடி வைத்த நீரில் மக்கல் நாற்றமாகத் தோன்றுகிறது. குளத்து மீனைக் குழம்பு வைக்கும்போது சிலவேளை சேற்று வாடை அடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அத்தகைய மீனைச் சில நாட்கள் தெளிந்த நீரில் விட்டு வைத்தால் வாடை குறையும்.

மனிதனின் மூக்கு இப்பொருளை மிக நுட்பமாகக் கண்டுகொள்கிறது. ஒரு லிட்டர் நீரில் 10 நானோகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். சுமார் 12 ஏக்கர் பரப்பில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும் ஏரியில் ஒரே ஒரு கிராம் கரைந்தால் எவ்வளவோ, அவ்வளவு! இவ்வளவு சொற்ப அளவு மீனுக்கு நஞ்சாவதில்லை. ஆனால் டிரம்முக்குள் நுண்ணுயிர் குடியேறிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

சுத்திகரித்த நீரில் நுண்ணுயிர் எப்படி வந்தது? தலைவியின் கேள்வி நியாயமானதே. ஆர்.ஓ. இயந்திரத்தின் சவ்வைக் குளோரின் அரித்துவிடும். ஆதலால் அதற்கு முன்னாலேயே ஒரு கரி வடிகட்டியை அமைத்து, குளோரினை எடுத்துவிடுகிறார்கள். வெளிவரும் நீரில் உப்பும் இல்லை, காவலும் இல்லை. அது தேங்கி நிற்கும் குழாய், காற்றில் வரும் தூசு, நீர் மொள்ளும் குவளை, நம் கை இவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியே நுண்ணுயிர் நுழைந்தால் தடுப்பார் இல்லை. அவை டிரம்மின் உட்சுவரில் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்கின்றன. கைக்குத் தெரியும் இந்த வழவழப்பே வாடையின் பிறப்பிடம். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை, நீல நிற டிரம்மை வெயிலில் வைத்தால் பாசியும் சேர்ந்துகொள்ளும். காலாவதியான கரி வடிகட்டியும் நுண்ணுயிர்களுக்கு நல்ல வீடு.

நீரில் கலந்துவிட்ட ஜியோஸ்மினைக் குளோரின் எளிதில் அழிப்பதில்லை. நான் சொன்ன வைத்தியம் பலிக்காததற்குக் காரணம் இதுவே. புதிய கரி அதை உறிஞ்சும். ஆனால் சுவர்ப் படலம் இருக்கும் வரை மறுபடியும் உண்டாகிக்கொண்டேயிருக்கும். பாத்திரத்துக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை நீருக்குச் செய்யலாகாது.

முதலில் வாடையின் இனத்தைப் பிரித்தறிக. அழுகிய முட்டை நாற்றமானால் அடியில் கறுத்த கசடு தங்கிக் காற்றோட்டம் அற்றுப்போயிற்று என்று பொருள். அந்த வாயு மீனுக்கு நஞ்சு. அந்நீரை விடவே கூடாது. புதிய டிரம், புதிய குழாய் இவற்றின் பிளாஸ்டிக் வாடை சிலமுறை நீர் நிரப்பி ஊற்றப் போய்விடும். மண் வாடையோ மக்கல் வாடையோ ஆனால் அதன் இருப்பிடத்தைத் தேட வேண்டும். சுத்தமான கண்ணாடிக் குப்பிகள் மூன்றில் கிணற்று நீர், இயந்திரத்திலிருந்து நேரே பிடித்த நீர், டிரம் நீர் இவற்றைப் பாதியளவு நிரப்பி மூடுக. வெந்நீர் உள்ள பாத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, நன்றாகக் குலுக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்க. நீர் வெதுவெதுப்பானால் வாடை தெளிவாகும். டிரம் நீர் மட்டும் நாறினால் குற்றம் டிரம்மில்; இயந்திர நீரும் நாறினால் வடிகட்டியை மாற்ற வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையை நான் அன்றே செய்திருக்கலாம்.

டிரம்மைச் சுத்தம் செய்யும் முறை கடினமானதன்று. மக்கல் வாடை நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ விட்டுவிடுக. தேங்காய் நாராலோ தூரிகையாலோ உட்சுவர், மூடி, குழாய், காற்றுக்கல் அனைத்தையும் தேய்க்க. சோப்புத்தூள் வேண்டாம், எஞ்சினால் மீனுக்குத் தீங்கு. 200 லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் டிரம்மில் ஊற்றி, விளிம்பு வரை சாதாரண நீரால் நிரப்பி ஓர் இரவு விடுக. காலையில் கொட்டி, மூன்று முறை அலசி, ஒரு நாள் முழுதும் வெயிலில் கவிழ்த்துக் காயவிடுக. கழிப்பறை கழுவும் ஆசிட்டை இதனோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது; உண்டாகும் வாயு ஆளையே கொல்லும்.

எஞ்சிய குளோரினைப் போக்கச் சோடியம் தயோசல்பேட் படிகம் உதவும். பழைய புகைப்படக்காரர்கள் இதை ‘ஹைப்போ’ என்பார்கள். கிருமி கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட்டையும் சிலர் ‘ஹைப்போ’ என்றே சுருக்கி அழைக்கிறார்கள். முன்னது குளோரினைப் போக்குவது. பின்னது குளோரினைத் தருவது. ஆகவே கடையில் முழுப் பெயரைச் சொல்லி வாங்குவதே உசிதம்.

அதன் பிறகு, இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டிய நீரை மட்டும் பிடித்து வைத்தால் போதும். டிரம் கறுப்பாக இருக்கட்டும். நிழலில், எருக்குழிக்கும் தீவன மூட்டைக்கும் தொலைவில், செங்கல் மேல் நிற்கட்டும். சிறு காற்றுக்குழாய் ஒன்று நீரை அசைத்துக்கொண்டிருந்தால் நன்று. இயந்திரத்தைப் போட்டவுடன் வரும் முதல் இரண்டு குடம் நீரைப் பிடிக்க வேண்டாம். குவளையை உள்ளே விடுவதற்குப் பதிலாக, டிரம்மின் அடியில் ஒரு திருகுக் குழாய் பொருத்திக்கொள்ளலாம். உப்பற்ற நீர் மட்டும் மீனுக்கு ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓரளவு கிணற்று நீரைக் கலந்தே விட வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஊர்களில் குடிப்பதற்கென ஆர்.ஓ. நிலையங்கள் இயங்குகின்றன. அங்கும் சேமிப்புத் தொட்டியின் கதை இதேதான். மக்கள் நீர் மணக்கிறது என்று சொன்னால் வடிகட்டி மாற்றிய தேதியையும் தொட்டி கழுவிய தேதியையும் முதலில் கேளுங்கள்.

அந்தக் குழு அவ்வாண்டு இரண்டு தவணைகள் தவறியது. வங்கியில் நானே சென்று பேசிக் கெடு வாங்கிக் கொடுத்தேன். மீன்களைத் திருப்பித் தர இயலவில்லை. சென்ற முறை அவ்வூருக்குப் போனபோது, குடிநீர் மேல்நிலைத் தொட்டியில் எழுதுவதைப் போலவே இரண்டு டிரம்களின் மேலும் கழுவிய தேதியைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தார்கள். நான் கேட்காமலே தலைவி மூடியைத் திறந்து, “முகர்ந்து பாருங்கள், ஐயா” என்றார்.